ஒரே ஆள் ஊர்

கே: மக்கள்தொகை ஒன்றே ஒன்று என்று ஓர் ஊர் உண்டாமே, நிஜமா?

ப: நிஜம். அமெரிக்கா, நெப்ராஸ்கா மாநிலம், பாய்ட் கவுன்ட்டி, மொனோவை. 2010 கணக்கெடுப்பில் ஒருவர். உள்ளூர்ச் சண்டைக்கே வழியில்லாத குக்கிராமம்!

கே: வெறும் புல்வெளியில் எதை நம்பி ஊர் கட்டினார்கள்?

ப: ரயிலை. 1902-ல் தண்டவாளம் வந்தது, கூடவே ஊரும் வந்தது. ஆசை காட்டியது அதற்கும் முன்பே: 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் வைத்தால் 160 ஏக்கருக்குப் பட்டா. வானம் பொய்த்தால் என்ன செய்வது என்று மட்டும் அதில் எழுதவில்லை.

கே: அதற்கு முன் அது யாருமில்லாத பூமிதானே?

ப: பட்டா வாங்கியவர் அப்படித்தான் சொல்வார். நயோப்ரரா ஆற்று வட்டாரம் போன்கா பழங்குடியினரின் மண். 1877-ல் அரசு அவர்களைத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியது. அங்கே மாண்ட மகனைச் சொந்த மண்ணில் புதைக்கத் திரும்பி நடந்தார் தலைவர் ஸ்டாண்டிங் பேர். வழியிலேயே பிடித்து அடைத்தார்கள். 1879-ல் ஓமஹா கோர்ட்டில் அரசுத் தரப்பு வாதம் என்ன தெரியுமா? செவ்விந்தியர் சட்டப்படி 'ஆள்' அல்லவாம்! ஆள்தான் என்றார் நீதிபதி டண்டி. கண்ணெதிரே நிற்பவர் மனுஷர்தான் என்று சொல்ல ஒரு தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது.

கே: ஊரின் ஜனத்தொகை ஜாதகம் ப்ளீஸ்?

ப: 1930-ல் 123. 1950-ல் 67. 1970-ல் 16. அடுத்த பத்தாண்டில் இரண்டு பேர் கூடி 18; அதையும் சாதனை என்று எவராவது மார்தட்டியிருப்பார்! 1990-ல் 6. 2000-ல் 2, அதுவும் புருஷன், பெண்டாட்டி. 2004-ல் புருஷன் காலமானார். மிச்சக் கணக்கை நீரே போட்டுக்கொள்ளும்.

கே: ஊரைக் காலி செய்த வில்லன் யார்?

ப: டிராக்டர். ஆட்கள் தேவைப்படாமல் போக, சின்னப் பண்ணைகளைப் பெரிய பண்ணைகள் விழுங்கின. 1967-க்கும் 1970-க்கும் நடுவே தபால் ஆபீசும் மளிகைக் கடைகளும் மூடின. 1974-ல் பள்ளிக்கூடம். அதன்பிறகு இளசுகள் எந்த நம்பிக்கையில் அங்கே தொட்டில் கட்டுவார்கள்?

கே: ஒரே ஆள் உள்ள ஊருக்கு மேயர் யார்?

ப: எல்சி ஐலர். எழுத்தர், பொருளாளர், மதுக்கடை முதலாளி எல்லாம் அம்மணியேதான். தேர்தல் நோட்டீஸைத் தன் கடையில் தானே ஒட்டி, தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்வார். மதுக்கடை லைசென்ஸுக்கு முதலாளியாக மனு, எழுத்தராகக் கையெழுத்து. நாலு தெருவிளக்கும் குடிதண்ணீரும் நடக்க, வருஷத்துக்குச் சுமார் 500 டாலர் வரி, தன்னிடமே வசூல். லஞ்சம் வாங்கினாலும் காசு வீட்டைத் தாண்டாது!

கே: 2020-ல் மக்கள்தொகை 2 என்கிறார்களே, புதுசாக யார்?

ப: யாருமில்லை. தனிநபர் அந்தரங்கம் காக்க, கணக்கெடுப்புத் துறை எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து வெளியிடுகிறது. உலகத்து டி.வி.க்காரர்களெல்லாம் வந்து படமெடுத்துப் போன அம்மணிக்கு, ரகசியம் காக்க ஒரு பொய்ப் பக்கத்து வீட்டுக்காரர். வாஷிங்டன் உபயம்.

கே: குடிக்க ஆளில்லாத ஊரில் மதுக்கடையா?

ப: சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களும் ஊரை வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் இருக்கும்போது என்ன கவலை? 1971 முதல் எல்சி தம்பதி நடத்திய கடை.

கே: படிக்க ஏதாவது வசதி?

ப: உண்டே! கணவர் ரூடிக்குத் தன் புத்தகங்களைப் பொது நூலகமாக்க ஆசை. அவர் போன பிறகு சுமார் 5,000 புத்தகங்களோடு அவர் பெயரிலேயே ஒரு சின்னக் கட்டடம் எழுந்தது. சாவி மட்டும் மதுக்கடையில். நூலகத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் தைரியமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.