வந்துவிட்டேன் என்னும் வினை: மருத்துவ மாநாட்டு ஆய்வுச் சுருக்கத்தில் காலவழுவமைதி

சாப்பிடக் கூப்பிட்டால் கட்டிலில் படுத்தபடியே "இதோ வந்துட்டேன்" என்கிறான் பையன். அவன் வரவில்லை. வருவான் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஆனால் வினைமுற்று இறந்தகாலம். அம்மா இதைப் பொய் என்பாள். இலக்கணம் அப்படிச் சொல்லாது. விரைவு, மிகுதி, தெளிவு போன்ற காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாகப் பிறழ்ந்து வரலாம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் இடம் கொடுக்கின்றன. காலவழுவமைதி என்று அதற்குப் பெயர். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணமும் சாப்பாட்டு விவகாரம்தான்: இலையில் இன்னும் உட்காராத ஒருவன், வெளியே அவசரத்தோடு நிற்பவரிடம் சாப்பிட்டு வந்துவிட்டதாகவே சொல்கிறான்.

இந்த வழுவமைதி இன்று மிகச் செழிப்பாக விளையும் இடம் சமையலறையன்று. மருத்துவ மாநாட்டுக்கு அனுப்பப்படும் ஆய்வுச் சுருக்கம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அது ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் நம் இலக்கண ஆசிரியர்கள் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. படித்திருந்தால் வழுவமைதிக்குத் தனி இயலே வகுத்திருப்பார்கள்.

சுருக்கமாவது யாது? பெரும்பாலும் 250 அல்லது 300 சொல்லுக்குள் அடங்கும் உரைநடை. பின்னணி, முறை, முடிவு, முடிபு என நாலு உறுப்பு உடையது. இந்த உறுப்புப் பிரிவினை ஆதியிலிருந்து வந்ததன்று. மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கம் தலைப்பிட்ட பகுதிகளாக இருக்க வேண்டும் என்ற முன்மொழிவு 1987-இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்தது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் பிறந்ததும் அதே 1987-இல்தான். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் ஆய்வாளன் கண்ணில் ஒரு பொருத்தம் பட்டுவிட்டால் அதை எழுதாமல் விட மனம் வராது. சுருக்கங்களில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன.

சுருக்கம் ஏன் எழுதப்படுகிறது? அறிவைப் பரப்ப என்பது ஏட்டுவிடை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் முதுநிலைக் கல்வி விதிகள், தேர்வு எழுத வேண்டுமானால் மாநாட்டில் ஒரு போஸ்டர் வை, ஒரு கட்டுரை படி என்றன. 2020-இல் கவுன்சில் போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது, மாநாடு போகவில்லை. எனவே இரண்டாம் ஆண்டு பி.ஜி., அதாவது முதுநிலை மாணவர், ஒருவர் நள்ளிரவில் வார்டுக்குப் பக்கத்து அறையில் லேப்டாப்பைத் திறந்தால், அறிவுத் தாகம் என்று உடனே எண்ணிவிட வேண்டாம்.

இனி ஆக்கியோர் பெயர். சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியனே தனக்குச் சொல்லிக்கொள்ளலாகாது. அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே சொல்லத் தக்கவர் என்பது நன்னூல் முறை. மருத்துவச் சுருக்கம் இம்மரபை அப்படியே தலைகீழாக்கி ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழுதுவது ஒருவர், அந்த நால்வரும் ஆசிரியர் பட்டியலில் ஏறிக்கொள்கிறார்கள். ஆசிரியர், யூனிட் தலைவரான சீஃப். உடன் கற்றவர், ரத்தம் எடுக்க உதவிய கோ-பி.ஜி. மாணாக்கர், அந்த ரத்தத்தைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடிய சி.ஆர்.ஆர்.ஐ. எனும் பயிற்சி மருத்துவர். உரைகாரர், எஸ்.பி.எம். எனும் சமூக மருத்துவத் துறையின் புள்ளியியலாளர், பி மதிப்புக்கு என்ன பொருள் என்று அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் இப்பட்டம் அவருக்கே பொருந்தும். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, ஆசிரியர் எனப்படுபவருக்கு நான்கு தகுதிகளை விதித்து நான்கும் ஒருங்கே வேண்டும் என்கிறது: ஆய்வில் பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஐந்தாவது ஒன்று நம் ஊரில் வழக்கில் உண்டு. மாநாட்டுக்குக் காரில் இடம் கொடுத்தவர்.

பட்டியலில் முதல் பெயர் யாருடையது, கடைசிப் பெயர் யாருடையது என்பது பற்றி இங்கே பேசப்போவதில்லை. இதை எழுதுபவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இப்போது கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்கிறேன். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். பி.ஜி.யின் தலைப்பு: இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் சீரம் மெக்னீசியம். எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த திட்டத்தில் 60 நோயாளிகள். சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் இன்று இரவு 11.59. மாஸ்டர் சார்ட்டில் இதுவரை ஏறியவர்கள் 41. மாநாட்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

"41-ன்னே போட்டுடலாமா சார்?" என்று கேட்கிறார் பி.ஜி.

"60-ன்னு போடும்மா. அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்கிறார் சீஃப்.

கவனியுங்கள், இதில் விரைவு இருக்கிறது, தெளிவு இருக்கிறது. காலவழுவமைதிக்கு இலக்கணம் கேட்ட காரணங்கள் ஒரே வாக்கியத்தில் நிறைவேறிவிட்டன. பி.ஜி. தட்டச்சு செய்கிறார்: அறுபது நோயாளிகள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர். பையன் கட்டிலில் படுத்திருக்கிறான், வந்துவிட்டான்.

ஆனால் பையனுக்கு இல்லாத ஒரு சிக்கல் பி.ஜி.க்கு உண்டு. வந்துவிட்டேன் என்பவன் எத்தனை அடி நடந்து வந்தான் என்று யாரும் கேட்பதில்லை. சுருக்கமோ எண் கேட்கும். 41 பேரில் 24 பேருக்கு மெக்னீசியம் குறைவு, அதாவது 58.5 சதவீதம். 60 பேருக்கு அதே கணக்கைப் போட்டால் 35 பேர், 58.3 சதவீதம். ஆகவே முடிவுப் பகுதியில் 35 என்று எழுதப்படுகிறது. இந்த நிமிடத்திலிருந்து, இனி வரப்போகும் 19 நோயாளிகளில் சரியாக 11 பேருக்கு மெக்னீசியம் குறைந்தே தீர வேண்டும். எட்டுப் பேருக்குக் குறையவே கூடாது. அந்த 19 பேரும் இப்போது எங்கோ வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மெக்னீசியம் ஓர் ஆங்கில வாக்கியத்தில் இறந்தகாலமாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இங்கேதான் இலக்கணம் கைவிரிக்கிறது. 60 என்பதையாவது வழுவமைதியில் சேர்க்கலாம். 35 என்பது வழு. அமைதி அதற்குக் கிடையாது. வராத நோயாளியை வந்ததாகச் சொல்வது அவசரம், வராத நோயாளியின் ரத்தத்தில் இன்னது இருந்தது என்பது பொய். இந்த எல்லைக்கோடு 250 சொல்லில் எந்த இடத்தில் போகிறது என்று எந்தத் துறையிலும் வகுப்பு எடுப்பதில்லை. 41 என்றே எழுதி, இடைக்கால முடிவு என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்துபோகும் விஷயம். பல மாநாடுகள் அதை ஏற்கவும் செய்கின்றன. ஆனால் 'இடைக்கால' என்ற சொல்லைப் பார்த்தால் பரிசு கிடைக்காது என்றொரு நம்பிக்கை வார்டுகளில் இருக்கிறது, சிசேரியனுக்கு நல்ல நேரம் பார்க்கும் நம்பிக்கையைப் போல.

முடிவைப் பொருட்படுத்தலாமா என்று தீர்ப்புச் சொல்வதாக வார்டு நம்பும் பி மதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைக்குக் கீழே வந்தால் வெற்றி. 0.05 என்ற எல்லையை உலகுக்குப் பழக்கப்படுத்தியது ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட புத்தகம். அவர் அப்போது வேலை பார்த்தது ஆஸ்பத்திரியிலன்று. ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில், உரம் போட்ட வயலுக்கும் போடாத வயலுக்கும் நடுவே. அதற்கு முன்னால் 1908-இல் டி சோதனைக்கு வழி காட்டிய கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் சம்பளம் வாங்கியவர். வயலும் பீரும் பெற்ற பிள்ளை நம் வார்டில் வந்து அதிகாரம் செய்கிறது. 0.049 வந்தால் பாயசம். 0.06 வந்தால், 'முக்கியத்துவத்தை நெருங்கும் போக்கு காணப்பட்டது' என்று எழுதுவார்கள். பஸ் ஸ்டாண்டு வரை போய் பஸ்ஸைத் தவறவிட்டவர், ஊரை நெருங்கினேன் என்று சொல்லிக்கொள்வதைப் போல.

நன்னூலின் பத்துக் குற்றங்களில் சுருக்கத்துக்குத் தோதானவை பல. குன்றக் கூறல், 'முறை' பகுதியில். மிகைபடக் கூறல், தலைப்பில்; "ஒரு மூன்றாம் நிலை மருத்துவமனையில்" என்று முடியாத தலைப்பை நான் பார்த்தது குறைவு. மாறுகொளக் கூறல், முறையில் 60 என்றும் முடிவில் கூட்டினால் 58 என்றும் வரும்போது. சென்று தேய்ந்து இறுதல் கடைசி வரிக்கே உரியது: பெரிய அளவில், பல மையங்களில், மேலும் ஆய்வுகள் தேவை. அறுபதுக்கே ஆள் கிடைக்காதவர் எழுதும் வரி அது.

இரவு 11.40. இணையப் படிவம் திறக்கிறது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் மின்னஞ்சல், கைபேசி எண், துறை, மீண்டும் துறை. சீஃபின் மின்னஞ்சல் சீஃபுக்கே தெரியாது. அது அவருடைய மகளுக்குத் தெரியும். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டியதும் '≤' குறி கேள்விக்குறியாகிவிடுகிறது. p ? 0.05. அந்தப் பக்கத்திலேயே ஆய்வு நேர்மை மிக்க குறி அதுதான் என்பது என் கருத்து. சொல் எண்ணிக்கை 253. மூன்று சொல்லை வெட்ட வேண்டும். 'தகுந்த ஒப்புதல் பெற்று' என்பது போகிறது. பெற்றது உண்மைதான், நோயாளிகளின் கையெழுத்து அலமாரியில் இருக்கிறது. சுருக்கத்தில் உண்மையாக இருந்த மூன்று சொற்கள் அவை.

சமர்ப்பி பொத்தானை அழுத்திய பதினைந்தாம் நிமிடம் ஒரு குறுஞ்செய்தி வருகிறது: பலருடைய வேண்டுகோளுக்கிணங்கக் கடைசித் தேதி பத்து நாள் நீட்டிக்கப்பட்டுள்ளது. பொருட்காட்சியும் சர்க்கஸும் நம் ஊரில் இதே வாசகத்தோடுதான் நீட்டிக்கப்படும். இதனால் அறியப்படுவது, கடைசித் தேதி என்பதும் ஒரு காலவழுவமைதியே. வினைக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம், பெயர்ச்சொல்லுக்கும் உண்டு.

பிறகு மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம் என்ற கடிதம் வரும். மேடைப் பேச்சு கேட்டவருக்கு இ-போஸ்டர் கிடைக்கும். பதிவுக் கட்டணம் கட்டினால்தான் அதுவும். கட்டணத்தில் பையும் பிரியாணியும் சேர்த்தி. அதன்பின் சுருக்கத்தின் கதி என்ன என்பதற்குக் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வு விடை தருகிறது. 3,07,028 மாநாட்டுச் சுருக்கங்களைத் தடம் பிடித்துப் பார்த்தார்கள். முழுக் கட்டுரையாக வெளிவந்தவை 37.3 சதவீதம். மீதிப் பேர் இன்னும் கட்டிலில்தான்.

நமது பி.ஜி.யின் கணக்குக்கு ஐந்து மாதம் மிச்சமிருக்கிறது. ஆகவே இந்த இடத்தை ஓர் அறிவிப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன். பத்தொன்பது நீரிழிவு நோயாளிகள், ஆண் பெண் இருபாலரும், எங்கிருந்தாலும் உடனே புறநோயாளிப் பிரிவுக்கு வரவும். யாரும் கோபிக்கமாட்டார்கள். பதினொரு பேர் மெக்னீசியம் குறைவாகவும் எட்டுப் பேர் சரியாகவும் இருத்தல் வேண்டும். வெறும் வயிற்றோடு வரவும்.