வத்தல் ஒண்ணுக்குப் போயிருச்சா?

நாகலாபுரத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சு மழைதான். "வேம்பாருப் பக்கம் ஊத்து ஊத்துன்னு ஊத்திருச்சாம், நமக்குத்தான் தூத்தலோட போச்சு" என்று ஆரம்பித்து, வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்து, அதை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வீட்டு நலம் விசாரிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும் அந்த முறையை விட்டுவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள்: "வத்தல் ஒண்ணுக்குப் போயிருச்சா?"

வத்தல் எங்கள் கடுவன் பூனை. குட்டியாக வந்து சேர்ந்த நேரம் களத்தில் முண்டு வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே நிறம். பெயர் வைக்க யாரும் யோசிக்கவில்லை. செவலைப் பூனைகளில் ஐந்துக்கு நாலு கடுவனாகத்தான் இருக்கும் என்கிறார்கள். பெயர்தான் வத்தல், தராசில் ஏற்றினால் ஆறரைக் கிலோ. காயடித்த பிறகு எலி பிடிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து, பாக்கெட் தீனியைத் தின்றுவிட்டுத் திண்ணையில் புரண்டு கிடந்ததன் பலன்.

ஆண்டவன் கடுவன் பூனையைப் படைத்தபோது வடிகாலில் மட்டும் சிக்கனம் பார்த்துவிட்டான். பெட்டைக்கு மூத்திரக் குழாய் குட்டை, அகலமும் உண்டு. துகள் துரும்பு எதுவாக இருந்தாலும் வெளியேறிவிடும். கடுவனுக்கு நீளம், நுனிக்கு வர வர ஒடுங்கி, கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே சளியும் புரதமும் படிகத் துகளும் சேர்ந்து இறுகிக்கொண்டால் வழி அடைத்தது. படிகம் பெரும்பாலும் மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஸ்ட்ரூவைட்.

போதாததற்குப் பூனையின் பூட்டன் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. எலியின் உடம்பில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். அதைக்கொண்டே காலத்தை ஓட்டி, மூத்திரத்தை முடிந்தமட்டும் சுண்டவைத்துப் பழகிய வம்சம். அதற்குப் பத்தில் ஒரு பங்கு ஈரம்கூட இல்லாத உலர் தீனியைப் போட்டுப் பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தாலும், குறையை ஈடுகட்டும் அளவுக்கு அது குடிப்பதில்லை. தாகத்தைப் பொறுத்துக்கொள்வதில் கரிசல்காட்டுச் சம்சாரி பூனைக்குச் சித்தப்பன் முறை.

அடைப்பு முதல் தடவை வந்தபோது வத்தல் மணலைப் பறித்தது, குந்தியது, முக்கியது. எழுந்து இரண்டடி தள்ளி மறுபடி பறித்தது, மறுபடி குந்தியது. நடுவில் அடியை நக்கிக்கொண்டே இருந்தது. பார்க்கிற யாருக்கும் இது மலச்சிக்கல் என்றுதான் தோன்றும். அத்தைக்கும் தோன்றியது. "சூடு எய்யா, சூடு" என்று விளக்கெண்ணெயை எடுத்து வந்து அதன் வயிற்றில் வழித்துத் தடவிவிட்டாள். உடம்பில் எதைப் பூசினாலும் பூனை நக்கித்தானே எடுக்கும்? நக்கியது. ஒரு மணி நேரத்தில் பின்வாசல் திறந்தது. முன்வாசல் திறக்கவில்லை.

அதற்குள் தெருவே வைத்தியம் பார்க்க வந்துவிட்டது. ஒருவர் வாழைத்தண்டுச் சாறு என்றார். ஒருவர் நெருஞ்சி முள்ளைக் கொதிக்கவைக்கச் சொன்னார். மதினி சிறுபீளை பறிக்கவே கிளம்பிவிட்டாள். இவையெல்லாம் மனிதனுடைய கல்லடைப்புக்குச் சொல்வது; வலியில் இருக்கும் பூனையின் வாயைத் திறந்து கஷாயம் ஊற்றுவது எப்படி என்று எந்தப் பாட்டி வைத்தியமும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்த அனுபவஸ்தர் ஒருவர் பாரசிட்டமாலில் பாதி கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, மாத்திரை வீட்டில் இருப்பில்லை. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. நமக்குத் தலைவலி போக்கும் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். இதை மட்டும் பூனை வளர்க்கிற ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கரிக்கட்டையால் எழுதி வைக்கலாம்.

சரியாகச் சொன்னவர் ஆட்டுக்காரத் தாத்தா ஒருவர்தான். வேம்பூர் ஆடு மேய்த்தே வயசானவர். இந்தப் பக்கம் கால்நடை ஆஸ்பத்திரி என்றாலே ஆடும் மாடும்தான். பூனையைக் கொண்டுபோனால் வரிசையில் நிற்கிற மறி ஆடுகூட ஒரு மாதிரி பார்க்கும். தாத்தா வத்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்லடைப்புல்லா இது! காயடிச்ச கிடாய்க்குத் தானியத்த அள்ளிப் போட்டா இப்படித்தான் அடைச்சுக்கிடும்" என்றார். உண்மைதான். கிடாயின் குறி நுனியில் நூலளவு ஒரு பகுதி நீட்டிக்கொண்டிருக்கும்; கல் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்; டாக்டர் அதை நறுக்கிவிட்டால் பல சமயம் பீய்ச்சிக்கொண்டு வந்துவிடும். தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வத்தலின் அந்தப் பிரதேசத்தைக் கூர்ந்து ஆராய்ந்தார். "இதுக்கு நறுக்க அதுவும் இல்லியே அண்ணாச்சி" என்று என் தோளைத் தட்டினார், என் பங்குக்கு ஏதோ குறைந்துவிட்ட தோரணையில்.

வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்கு ஓடினோம். ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான ஒரு பெண், வயதில் என் மருமகளைவிடச் சின்னவள், வத்தலின் அடிவயிற்றில் கைவைத்தவுடனே முகம் மாறினாள். "நீங்க அமுக்கிக் கிமுக்கிப் பாக்கலையே சார்? பை கிழிஞ்சுரும்." கெட்டித்த உருண்டை ஒன்று என் விரலுக்கும் தட்டுப்பட்டது. மயக்க மருந்து கொடுத்து, நூல் கனத்தில் ஒரு குழாயை நுழைத்து, உப்புத் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அடைப்பைத் தளர்த்தினாள். முதலில் மணல் கலங்கலாகக் கொஞ்சம், பிறகு கருஞ்சிவப்பாக மடமடவென்று. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டு ஒரு பூனையின் மூத்திரத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை, என் கல்யாண வீடியோவில்கூடப் பார்க்க முடியாது.

கல்லால் பூனை சாவதில்லை என்று அவள் விளக்கினாள். மூத்திரம் தேங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். ஏற ஏற இதயத் துடிப்பு தாளம் தப்பி நின்றுபோகும். முழுசாக அடைத்த பூனைக்கு ஒன்றிரண்டு நாள்தான் கெடு. ஆகவே கடுவன் முக்கினால் "காலையில பாத்துக்கிடலாம்" என்ற பேச்சே கூடாது.

திரும்பி வந்ததும் தெருவின் ஒரே கேள்வி, "ஊசி எத்தன போட்டாக?" கிருமிக்கு ஊசி போடவில்லை என்றதும் அந்தப் பெண்ணின் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வயது குறைந்த பூனைகளுக்கு வரும் மூத்திரக் கோளாறில் கிருமியின் பங்கு மிகச் சொற்பம். பாதிக்கு மேற்பட்ட பூனைகளுக்குக் கல்லும் கிடையாது, கிருமியும் கிடையாது. காரணம் சொல்ல முடியாத மூத்திரப்பை அழற்சிதான். "காயடிச்சதுனால குழாய் சுருங்கிப்போச்சு" என்ற பழியும் நிற்கவில்லை. அளந்து பார்த்தவர்கள் சுருங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். காயடித்தபின் தின்று தூங்கி உடம்பு போடுவதில்தான் வம்பு.

இந்தப் பழிபோடும் வேலையை அமெரிக்காவிலும் சளைக்காமல் செய்திருக்கிறார்கள். முதலில் தீனியில் இருக்கும் சாம்பல் சத்தைக் குற்றவாளி என்றார்கள். பிறகு மக்னீசியம் என்றார்கள். 1980களில் தீனிக் கம்பெனிகள் மக்னீசியத்தைக் குறைத்து, மூத்திரம் புளிப்பாகும்படி தீனியை மாற்றின. ஸ்ட்ரூவைட் குறைந்தது. புளித்த மூத்திரத்தில் சௌகரியமாக வளரும் கால்சியம் ஆக்சலேட் கல் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்ட்ரூவைட்டாவது தனித் தீனியில் கரையும். இது கரையாது, கத்திதான் வைக்க வேண்டும்.

டாக்டர் எங்களுக்கு எழுதிக் கொடுத்ததில் பாதி தண்ணீரைப் பற்றி. தீனி ஈரமாக இருக்க வேண்டும். வேம்பாரிலிருந்து வண்டியில் வரும் மீன்காரர் "சாளை குழம்புக்கா, பொரிக்கவா?" என்று கேட்டதற்கு அம்மா "பூனைக்கு" என்று சொன்ன நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டை மரியாதையாகப் பார்க்கிறார். மீன் மட்டுமே போட்டால் வேறு வில்லங்கம் வருமாம், கோழியும் வாங்குகிறோம். உப்பில்லாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு வைக்க வேண்டும். கருவாட்டுத் தலைக்குத் தடை. வீட்டில் மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம். ஊர்த் தண்ணீர் உவர்ப்பு என்பதால் அதற்கும் கேன் தண்ணீர்தான். வத்தல் எல்லாக் கிண்ணத்தையும் மோந்து பார்த்துவிட்டு, அப்பா பல்செட்டைக் கழற்றிப் போட்டுவைக்கும் கண்ணாடித் தம்ளரில்தான் குடிக்கும். டாக்டரிடம் முறையிட்டேன். "குடிக்குதுல்ல சார்? தம்ளர விட்டுக் குடுங்க." அப்பா இப்போது பல்லை டிபன் டப்பாவில் போட்டுவைக்கிறார்.

அடுத்தது மணல். கோடையில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும்போது, பூனை எந்த வெடிப்புக்குள் எவ்வளவு விட்டது என்று யார் கண்டது? அதனால் வீட்டுக்குள் பேசின், பேசினில் மணல். மச்சான் எம்-சாண்ட் கொண்டுவந்து கொட்டினான். வத்தல் ஒரு பாதத்தை வைத்துப் பார்த்து, உதறிவிட்டு, எதிர்வீட்டுக்காரர் வீடு கட்டி மிச்சம் வைத்திருந்த வைப்பாற்று மணல் குவியலில் போய் உட்கார்ந்தது. அசல் ஆற்றுமணல் கிடைக்காமல் மனிதர்கள் கட்டடத்தையே நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில், எதிர்வீட்டில் கெஞ்சி இரண்டு சட்டி அள்ளிவந்தோம். தினம் காலையில் அம்மா கரண்டியோடு பேசினைக் கிளறி, நனைந்த கட்டியின் அளவை அறிவிப்பாள். எலுமிச்சை என்றால் வீட்டில் காபி இறங்கும். நெல்லிக்காய் என்றால் கவலை. சுண்டைக்காய் என்றால் நான் கார்க்காரருக்குப் போன் போடுவேன்.

இவ்வளவும் பரவாயில்லை. மருந்துச் சீட்டின் கடைசி வரியில்தான் எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டது: பூனைக்கு மனக்கலக்கம் கூடாது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதே கோளாறுள்ள பூனைகளை வருஷக்கணக்கில் பார்த்தவர். கோளாறு பையில் மட்டும் இல்லை, பூனையின் நரம்பிலும் சுற்றுச்சூழலிலும் இருக்கிறது என்று சொல்லி, 2011இல் இதற்குப் பண்டோரா என்று பெயரும் வைத்தார். அதே வருஷம் அங்கிருந்து வந்த ஓர் ஆய்வில், தீனி நேரத்தை மாற்றி, பார்த்துக்கொள்கிற ஆளை மாற்றியபோது, நோயே இல்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்திருக்கின்றன, மணல் தட்டுக்கு வெளியே போயிருக்கின்றன. ஒளிந்துகொள்ள ஓரிடம், ஏறி உட்கார ஒரு பரண், விளையாட்டு, நேரத்துக்குத் தீனி என்று ஒழுங்கு செய்தால் கோளாறு திரும்புவது குறைகிறதாம்.

"பூனைக்கு மனசு சரியில்லையாம்" என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் நடைமுறைக்கு வந்தது வேறு. அம்மாவும் மதினியும் இப்போது சத்தமில்லாமல் சண்டை போடுகிறார்கள். கை அசைகிறது, கண் உருள்கிறது, குரல் கிடையாது. மிக்சி பின்கட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கும் சொந்தக்காரர்கள், "பூனைக்கு ஆகாது" என்ற ஒரே வார்த்தையில் அன்றைக்கே கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என் ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் இதே அமைதியை எழுதிக் கொடுத்தபோது, அந்தச் சீட்டில் பஜ்ஜி மடித்துத் தின்ற குடும்பம் இது.

இத்தனைக்குப் பிறகும் தீபாவளி வேட்டுக்கு ஒரு தடவை அடைத்தது. சிவகாசிக்குப் பக்கத்தில் குடியிருப்பதன் பலன். டாக்டர் குழாய் விட்டு எடுத்துவிட்டு, இன்னொரு தடவை வந்தால் அறுவை சிகிச்சை என்று சொல்லியிருக்கிறாள். ஒடுங்கிய நுனிப்பகுதியை எடுத்துவிட்டு, வாலுக்குக் கீழே அகலமான இடத்தில் புது வழி திறப்பார்கள். பிறகு அடைப்பது அரிது. ஆனால் அழற்சி நிற்காது, கிருமித் தொல்லைக்கும் புதிதாக இடம் உண்டு. அதனால்தான் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பப் பெட்டை ஆக்கிருவீகளாம்மா?" என்றார். "இல்ல தாத்தா, வாசல மாத்துறோம், அவ்வளவுதான்" என்றாள் அவள். அப்பா வழியெல்லாம் பேசவே இல்லை.

இப்போது பங்குனிப் பொங்கல் சாட்டியாகிவிட்டது. நையாண்டி மேளம், வேட்டு, விடிய விடிய ரேடியோ செட்டு. வரி வசூலிக்க வந்தவர்களிடம், "குழாயை எங்க வீட்டுப் பக்கம் கட்டாம மேக்காமப் பாத்துக் கட்டுங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஏன், பிள்ளைகளுக்குப் பரீட்சையா?"

"பூனைக்கு மூத்திரக் கோளாறு."

கணக்கு நோட்டு வைத்திருந்தவர் என்னையும் திண்ணையில் கிடந்த வத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊரு ரேடியோவையே திருப்பச் சொல்ற ஆம்பளைக்குத் தலைக்கட்டு வரி எழுதாம விடலாமா? வத்தல் பேருல ஒண்ணு எழுதுறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

அப்பா டிபன் டப்பாவிலிருந்து பல்லை எடுத்து மாட்டிக்கொண்டார். "தாராளமா எழுது. ஆனா ஆப்பரேசன் முடிஞ்சிட்டா ஆம்பளக் கணக்குல வராது. அப்ப வரி கேட்டு வரப்பிடாது, இப்பமே சொல்லிட்டேன்."

அவர் பேனாவை மூடவில்லை. "ஆப்பரேசன் பொங்கலுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டார்.