வதக்கவும் முதல் வதக்கிக்கலாம் வரை

வெங்காயத்தை வதக்குவது யார்? இலக்கண அறிஞர்கள் இதுவரை தொடாத கேள்வி இது.

1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் நூலுக்குப் பெயர் 'சமைத்துப் பார்'. முன்னிலை ஒருமை ஏவல், தயவுதாட்சண்யம் கிடையாது. இதழ்களின் சமையல் இணைப்புகளிலோ 'வதக்கவும்', 'இறக்கவும்' நிலைபெற்றன. 'சில்லறை தரவும்', 'கதவை மூடவும்' என்று பேருந்திலும் அலுவலகத்திலும் எழுதி ஒட்டும் அதே நடை. வாசகி நீயா, நீங்களா என்ற வம்புக்கே அது போகாது.

தொலைக்காட்சியில் சிக்கல் முற்றியது. அச்சில் ஆளில்லாத கட்டளை செல்லும். கேமரா முன் கரண்டியோடு ஓர் ஆள் நிற்கிறாரே! பக்கத்தில் தொகுப்பாளினி, எதிரே முகமறியாத நேயர்கள். 'வதக்கு' என்றால் மரியாதைக் குறைவு. 'வதக்குங்க' என்றால், கரண்டியைத் தான் வைத்துக்கொண்டு அடுத்தவரை ஏவுவதாகும். 'வதக்குறேன்' என்றால் நேயருக்கு வேலையில்லை. 1993இல் சன் டிவி வந்து, சேனல்கள் பெருகி, சமையல் நிகழ்ச்சி இல்லாத நாளே இல்லை என்றானபோது, இந்த முடிச்சை அவிழ்த்த பெருமை 'வதக்கிக்கலாம்' என்ற முற்றைச் சேரும்.

'வதக்கிக்கொள்ளலாம்' என்பதன் பேச்சுத் தேய்வு அது. 'கொள்' என்ற துணைவினை பலனைச் செய்பவர் பக்கம் திருப்பும். 'லாம்' நான், நீ, அவர்கள் என எவரோடும் ஒட்டும். வியங்கோள் எல்லா இடத்துக்கும் பாலுக்கும் வரும் என்கிறது நன்னூல். 'வாழ்க'வுக்குக் கிடைத்த சலுகையை வெங்காயமும் எடுத்துக்கொண்டதில் பவணந்தி முனிவருக்கு ஆட்சேபம் இருக்காது. ஒரு விபரீதம் மட்டும் உண்டு: கடுகு தாளிப்பது இப்போது வெறும் அனுமதி. தாளிக்காமலும் இருக்கலாமோ?

'எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்' என்ற கணக்கு வாத்தியார்தானே முன்னோடி என்று சிலர் மறுக்கக்கூடும். அல்ல. அவருடையது தன்மைப் பன்மை. எக்ஸ் கிடைக்காவிட்டால் அவரும் பொறுப்பு. சமையல் வல்லுநர் எவரையும் மாட்டிவிடுவதில்லை, தன்னையும் சேர்த்து.

கோலக் காணொளியில் 'புள்ளி வச்சுக்கலாம்', யோகாவில் 'மூச்சை இழுத்துக்கலாம்' என்று முற்று பரவிவிட்டது. வீட்டு அடுப்படியில்தான் திணறுகிறது. அங்கே இன்னும் 'அடுப்பை அணைடீ'தான்.

இதற்கிடையே புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் வினையையே கைகழுவியது. 'மஞ்சத்தூள்!' என்று ஓங்கி ஒரு குரல். தூள் பாத்திரத்தில் விழுந்திருக்கும். 1 கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் அது, ஆண்டு 2021. அவ்வாண்டு ஜனவரியில் வெளியான அவர்களது காணொளியில் ராகுல் காந்தி பச்சடி கிளறியபடி 'வெங்காயம்', 'தயிர்', 'கல்லுப்பு' என்று சொன்னார். வினைமுற்று எங்கே என்று எவரும் அவரை மடக்கவில்லை.