முறை வந்தவரே அதிகாரி

கேள்வி: ஒரு கிராமத்தில் தீத்தடுப்பு அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

பதில்: அன்றைக்கு யார் முறையோ, அவரிடம்! ஜப்பானின் ஷிரகாவா கிராமத்தைப் பாருங்கள். அங்குள்ள ஒகிமச்சி, 1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். செங்குத்தான கூரைகள் எல்லாம் காய்ந்த புல் வேய்ந்தவை. ஒரு பொறி போதும், ஊரே சாம்பல்தான். அதனால் வீட்டுக்கு வீடு முறை வைத்து ரோந்து போகிறார்கள். இரண்டு மரக்கட்டைகளை 'டக் டக்' என்று தட்டி, "நெருப்பு, ஜாக்கிரதை" என்று குரல் கொடுத்தபடி நடக்கிறார்கள்.

ஊரெங்கும் 59 நீர்ப்பீரங்கிகள் நிற்கின்றன. மேட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் தானே பாய்ந்து வரும். ஆண்டுக்கொரு முறை இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து சரிபார்க்கிறார்கள். அந்தச் சில நிமிடங்கள் ஊரே நீர்த்திரைக்குள் மறைந்துவிடும்.

தீ பரவாமல் தடுக்கத் தேவைப்பட்டால் எரியும் கட்டடத்தையே இடிக்கும் அதிகாரத்தை, 1948ஆம் ஆண்டு தீயணைப்புச் சட்டம் ஊர்த் தொண்டர் படைக்கும் தந்திருக்கிறது. ஆனால் இடிக்கிற கையைவிட, கட்டை தட்டுகிற கைதான் வீடுகளைக் காக்கிறது. தீயை அணைப்பவர் வீரர். தீயே வராமல் பார்த்துக்கொள்கிறவர் ஊரின் தாய்!