நெறஞ்ச குடமும் நைட் ஷிப்டும்

வா தம்பி, உக்காரு. டீ ரெண்டா சொல்லு. உனக்குத்தான் அவசரமே கெடையாதே.

1998ல நம்ம இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கேட்டுலேர்ந்து சான்ட்ரோ வெளிய வந்தப்போ, பெட்ரோல் ரொப்பறது பீடி பத்த வெக்கிற நேரம். 2019ல அதே கேட்டுலேர்ந்து கோனான்னு கரன்ட் வண்டி வந்துச்சு. பொகையும் இல்ல, சத்தமும் இல்ல. பேட்டரி 39.2 யூனிட்டாம். இந்த 3.3 கிலோவாட் ஸ்லோ சார்ஜர்ல சொருகினா, மொத்தமும் ரொம்ப பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல. ஏரித் தண்ணி கடைமடைக்கு வர்ற மாதிரி, வரும், ஆனா மெதுவா வரும்.

அந்தக் காலத்துல ஏரிக்கு நீர்க்கட்டின்னு ஒரு ஆளு இருப்பான். உன் கழனி ரொம்பினா மடையை அடைச்சு அடுத்தவன் கழனிக்குத் திருப்பிடுவான். நீ தூங்கினா எழுப்ப மாட்டான், கேக்க மாட்டான். இந்த சார்ஜருக்கு அப்படி ஒரு ஆளு இல்ல பாரு, அதான் உங்களுக்கெல்லாம் கொண்டாட்டம்.

அதனால நீ இப்பிடியே பண்ணு. சொருகிட்டு நைட் ஷிப்டுக்குப் போயிடு. கண்ணாடிக்குள்ள போன் நம்பர் எழுதி வெச்சிடாத, எவனாவது கூப்ட்டு தூக்கத்தக் கெடுப்பான். நூறு ஆனதும் எடுத்துடாத, கவுரவம் இன்னா ஆவறது? பின்னாடி நிக்கிறவன் பூந்தமல்லி வரைக்கும் போக ஒண்ணரை மணி நேரம் சொருகினா போதும்னு கெஞ்சுவான். கெஞ்சட்டும், நமக்கு இன்னா?

சார்ஜர் எடத்துல நெழலுன்னு பெட்ரோல் காரை நிறுத்தறவன் இருக்கானே, அவனோட வெச்சுப் பாத்தா நீ தங்கம். அவன் வைக்கப்போர்ல படுத்த நாயி.

ஆனா அடுத்தவன் ஒயரை மட்டும் பிடுங்காத தம்பி. இதை நெசமாத்தான் சொல்றேன். ராத்திரி மடையை வெட்டப் போனவன் மண்வெட்டிக் காம்பால வாங்கினதை நான் பாத்துருக்கேன். மூணு மாசம் நடக்கல. வேணும்னா வண்டிக்காரனைக் கூப்ட்டுக் கேளு. நம்பர் இல்லியா? அதான் சொன்னேனே, எழுதி வெக்காதன்னு!

டீ ஆறுது, குடி. குடிச்சிட்டு அந்த வெள்ளை வண்டிய எடு. விடியறதுக்குள்ளயே நூறு ஆயிடுச்சு. ஆறு மணிலேர்ந்து வண்டியோட நிக்கிறான் பாரு, அவன் என் மருமவன்.