கை-வர்க்கத்தில் ஒரு கைகலப்பு

கார்ல் பியர்சன் ஒரு நாணயத்தை 24,000 தடவை சுண்டிப் பார்த்தார். 12,012 தடவை தலை விழுந்தது. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அன்றைக்கு லண்டனில் யாராவது ஒரு பெரியவர் கேட்டிருந்தால், மேத்தமேட்டிகல் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற பேப்பரே நம் பிள்ளைகள் தலையில் விழுந்திருக்காது.

ஆள் வாலிபத்திலிருந்தே ஒரு தினுசு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்தபோது, மாணவர்கள் தேவாலய வழிபாட்டுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்ற விதியோடு மல்லுக்கட்டி விலக்கு வாங்கினார். வாங்கிய பிறகு, பழையபடி வழிபாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நிர்வாகம் திருதிருவென்று விழித்தது. அடுத்து ஜெர்மனி போய்வந்து, 'சி'யில் தொடங்கிய தன் பெயரைக் 'கே'யில் எழுத ஆரம்பித்தார். 1890களில் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலெட் முடிவுகளைப் பத்திரிகையில் பார்த்துக் கணக்குப் போட்டார்; கணக்கு உதைத்தது. நிகழ்தகவு விதிக்கு அடங்காத சூதாட்டம் எதற்கு, விடுதியை இழுத்து மூடிவிட்டு அந்தப் பணத்தில் நிகழ்தகவுக்கு ஓர் ஆய்வகம் வையுங்கள் என்று எழுதினார். அங்கே சொத்தைத் தோற்றவன்கூட இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டான். பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் எண்களை இட்டுக்கட்டினார்கள் என்று பின்னால் ஒரு பேச்சு உண்டு. பாவம், பழி ரூலெட் மேல்.

இவருக்கு வாய்த்த குருநாதர் பிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவுக்காரர். பையில் ஒரு காகிதத்தை ஒளித்துவைத்து, தெருவில் எதிரே வரும் பெண்கள் அழகா, சுமாரா, அதற்கும் கீழா என்று ஊசியால் குத்திக் கணக்கெடுத்து, பிரிட்டனுக்கு அழகு வரைபடம் போடப் பார்த்த பெரியவர். லண்டன் முதலிடம், அபர்டீன் கடைசி. இன்று யாராவது இதைச் செய்தால் மீதிக் கணக்கை மகளிர் காவல் நிலையத்தில்தான் முடிக்க வேண்டியிருக்கும். 1911இல் கால்டன் இறந்தபோது எழுதிவைத்த பணத்தில் இனமேம்பாட்டியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உண்டாயிற்று. பியர்சன் அதில் அமர்ந்தார். அதே ஆண்டு யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் உலகின் முதல் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையும் பிறந்தது. எந்த வம்சம் பெருகலாம், எது பெருகக் கூடாது என்று மனிதர்களைத் தரம்பிரிக்கிற அந்த ஆசையை மட்டும் சிரித்துக் கடக்க முடியாது. 2020இல் அந்தக் கல்லூரியே தன் கட்டடங்களிலிருந்து இருவர் பெயரையும் எடுத்துவிட்டது.

இந்த மடத்துக்கு 1906இல் ஒரு சாராய வாடை வந்து சேர்ந்தது. டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் படிக்க வந்தார். பியர்சனுக்கு ஆயிரக்கணக்கில் மாதிரிகள் இருந்தால்தான் பேச்சு. ஆலையிலோ நாலைந்து பார்லி மாதிரிதான் கையில் இருக்கும். கோசெட் என்ன செய்தார்? 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதினார். சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கி நாலு நாலாகப் பிரித்தார். 750 கும்பல்கள் கிடைத்தன. தாளில் போட்ட கணக்கை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார், ஒத்துப்போனது. பீர் தரமாக இருக்கத் திருடர்களின் நடுவிரல் உதவியது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. ஆலை தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றதால் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வந்தது. பிள்ளைகள் இன்று நெட்டுருப் போடும் டி-சோதனை அதுதான். இவ்வளவு சின்ன மாதிரியைச் சாராயம் காய்ச்சுகிற போக்கிரிகள்தான் எடுப்பார்கள் என்று பியர்சன் அவருக்கே கடிதத்தில் கேலி எழுதினார். கோசெட் சிரித்துக்கொண்டார். இந்தக் கதையில் எல்லோரோடும் பேச்சுவார்த்தை வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

ரொனால்ட் ஃபிஷர் வந்தார். சனியும் கூடவே வந்தது. கண்பார்வை மோசம் என்பதால் சிறுவயதில் மாலை நேரப் பாடத்தைத் தாளும் விளக்கும் இல்லாமல் மனசுக்குள்ளேயே போட்டுப் பழகியவர். 1912இல், மாணவராக இருக்கும்போதே, கோசெட்டின் சூத்திரத்துக்குப் பல பரிமாண வடிவியலில் நிரூபணம் எழுதி அனுப்பினார். கோசெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை, பியர்சனுக்கு அனுப்பினார். அங்கேயும் அது எடுபடவில்லை. பகை முற்றியது 1922இல். 1900இல் பியர்சன் கண்டுபிடித்த கை-வர்க்கச் சோதனையை, இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குப் பியர்சன் மூன்று டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் வைத்துப் பார்த்துவந்தார். ஒன்றுதான் என்றார் ஃபிஷர். காற்றாலையோடு சண்டைபோடும் டான் கிஹோட்டே என்று அச்சிலேயே ஏசினார் பியர்சன். ஃபிஷர் பொறுமையாகக் காத்திருந்து 1926இல், பியர்சனின் சொந்த மகன் ஈகன் வேறு வேலைக்காகத் தயாரித்துவைத்திருந்த ஏறக்குறைய 12,000 அட்டவணைகளை எடுத்து, அவற்றின் கை-வர்க்க மதிப்புகளுக்குச் சராசரி பார்த்தார். அப்பா சொன்னது சரியென்றால் மூன்று வரவேண்டும். அச்சடித்த மாதிரி ஒன்று வந்தது. மகன் கையாலேயே அப்பாவுக்குக் கொட்டு! சோதனையைக் கண்டுபிடித்தவர் இன்று நம் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதினால், அந்த ஒரு கேள்விக்கு அவருக்கு மதிப்பெண் கிடையாது.

1933இல் பியர்சன் ஓய்வுபெற்றார். பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை நடந்தது. இனமேம்பாட்டியல் நாற்காலி ஃபிஷருக்கு, புள்ளியியல் துறை மகன் ஈகனுக்கு. ஒரே கட்டடம், வேறு வேறு தளம். நவீனப் புள்ளியியலைப் பாதி எழுதிய ஃபிஷர் அங்கே புள்ளியியல் நடத்தக் கூடாது என்று நிபந்தனை. தேநீர் அறை மட்டும் பொது. ஈகன் கோஷ்டி நாலு மணிக்குக் குடித்துவிட்டுப் போகும். ஃபிஷர் கோஷ்டி நாலரைக்கு வரும். இத்தனைக்கும் இந்த ஃபிஷர் தேநீரால்தான் பேர் வாங்கினார். ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் ஓர் அம்மணி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரையா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். ஃபிஷருக்கு அதுவே போதும். எட்டுக் கோப்பை, நாலுக்கு நாலு. குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பு. 1935இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இதற்கு.

அந்த வருஷமே ஈகனின் கூட்டாளி, போலந்திலிருந்து வந்த நெய்மன், ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டியில் ஒரு கட்டுரை படித்தார். தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்தேன் என்கிற தோரணையில் ஃபிஷர் ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் நெய்மன் அறைக்கே வந்து, வகுப்பில் என் புத்தகத்தைத்தான் நடத்த வேண்டும் என்றாராம். நெய்மன் மறுக்க, இனி என் சக்தியெல்லாம் திரட்டி உன்னை எதிர்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இது நெய்மன் தரப்புக் கதை. ஆனால் ஃபிஷர் சொன்னதைச் செய்தார், சாகும்வரை செய்தார். நெய்மன் 1938இல் அமெரிக்காவுக்கு, பெர்க்லிக்குக் கிளம்பினார்.

நம் பாடப்புத்தகமோ இவர்கள் எல்லோரையும் ஒரே யூனிட்டில், ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. நல் ஹைபாதசிஸ் ஃபிஷர் வைத்த பெயர். எதிரே நிற்கும் ஆல்டர்நேட்டிவ் ஹைபாதசிஸ் நெய்மன் வீட்டுச் சரக்கு. ஃபிஷர் அதை வாசலிலேயே நிறுத்தியவர். 5 விழுக்காடு என்ற எல்லைக்கு வானத்திலிருந்து அசரீரி எதுவும் கேட்கவில்லை. வசதியாக இருக்கிறது என்று ஃபிஷர் 1925இல் எழுதினார், அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து 'ஏன் சார் 5?' என்று கேட்டால் 'சிலபஸில் அப்படித்தான்' என்று உட்கார வைப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு இந்தச் சண்டையைச் சொல்லியிருந்தால் பாடம் அரைமணி நேரத்தில் ஏறியிருக்கும்.

கேள்வி கேட்க விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தாவில் சாட்சி இருக்கிறது. ராணுவத்தில் கணிதவியலாளர் வேலை தேடிப்போய், வயது போதாது என்று திருப்பியனுப்பப்பட்ட சி.ஆர். ராவ், 1941இல் மகாலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் எம்.ஏ. புள்ளியியல் வகுப்பில் படித்தார். பிறகு அவர் பாடம் நடத்தும்போது, பெரிய மாதிரிகளுக்கு ஃபிஷர் சொன்ன முடிவைச் சின்ன மாதிரிக்கும் காட்ட முடியுமா என்று தாண்டேகர் என்ற மாணவர் கேட்டார். ராவ் அன்றிரவு தூங்காமல் போட்ட கணக்குத்தான் 1945இல் அச்சான கிரேமர்–ராவ் சமனின்மை. அடுத்து கேம்பிரிட்ஜ் போய், பழங்கால எலும்புகளை அளக்கும் வேலை பார்த்துக்கொண்டே, அந்த ஃபிஷரிடமே முனைவர் பட்டம் வாங்கினார். 102 வயதுவரை இருந்தார். ஃபிஷரோடு சண்டைபோடாமல் இருந்தால் ஆயுசு கெட்டி போலும்.

தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: கை-வர்க்கத்தில் வரும் பியர்சன் அப்பா, நெய்மன்–பியர்சன் லெம்மாவில் வருபவர் மகன். இரண்டு மார்க் கேள்வியில் இதைத்தான் மாற்றி எழுதுவீர்கள். எழுதாதீர்கள்.