நல்ல தண்ணியும் நாலு நாள் தாடியும்

மேலநீலிதநல்லூரில் எதெதற்கோ நுரை வருகிறது. டீ மாஸ்டர் கையைத் தூக்கி ஓர் ஆத்து ஆத்தினால் கிளாஸுக்கு மேல் விரற்கடை உயரம் நுரை நிற்கிறது. பதநீர்க் கலயத்தில் நுரை. வரப்புத் தகராறு முற்றினால் பேசுகிறவர் கடைவாயிலும் நுரை. ஷேவிங் சோப்பும் பிரஷ்ஷும் புதுசாக வாங்கி வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும் எனக்கு மட்டும், கன்னத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு. பிளேடு வந்து சேருவதற்குள் அதுவும் காய்ந்துவிடும்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "சோப்பு போலி" என்றார் மாமா. "பிரஷ் மட்டம்" என்றான் தம்பி. அப்பா என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நுரை நிக்கணும்னா அதுக்கு மொதல்ல தாடி வேணும்லா" என்றார். குளிக்கிற சோப்பே போதும் என்பது பெரியப்பாவின் கட்சி. அவர் முகத்தில் எப்போதும் ரெண்டு பிளாஸ்திரி இருக்கும் என்பதால் அந்தக் கட்சியில் நான் சேரவில்லை.

சோப்பின்மேல் பழி போடவும் முடியாது. ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் தாராளமாக இருக்கும். நுரை உடையாமல் நிற்பது அதனால்தான். குளியல் சோப்பை பெரும்பாலும் சோடியம் காரத்தில் செய்கிறார்கள். ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் காரமும் சேரும். பொட்டாசியம் சோப்பு சட்டென்று கரைந்து நுரையைத் தொடங்கி வைக்கும், சோடியம் சோப்பு கட்டியைக் கட்டியாக வைத்திருக்கும். இத்தனை ஏற்பாட்டோடு வருகிற சோப்பு எங்கள் ஊரில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்க வேண்டும்?

தேவர் கல்லூரிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பையன்தான் முடிச்சை அவிழ்த்தான். "அண்ணே, போர் தண்ணியிலயா போடுதீய?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்பதுபோலச் சிரித்தான். போரில் வருகிற உப்புத் தண்ணியில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு உள்ளே போனதும் அவை அதைப் பிடித்துக் கரையாத வெள்ளைப் பிசுக்காக்கிவிடும். முதல் பந்தியில் அந்த ரெண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் என் முகத்துக்கு இலை போடுவார்கள். அதற்குள் சோப்பு தீர்ந்துவிடும்.

இந்தக் கால்சியத்தாலும் மக்னீசியத்தாலும் குடிநீருக்கு வரும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாமாம். அந்த இரண்டாவது வரியை எழுதும்போது எழுதியவர் மனதில் எங்கள் தெரு இருந்திருக்கும்.

கொதிக்க வைத்தால் பாதி வினை தீரும் என்றான் பையன். வெந்நீர் அண்டாவின் உட்புறம் அதற்குச் சாட்சி: நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாக வெள்ளைப் படிவு பெயர்ந்து வருகிறது. பைகார்பனேட்டாக இருக்கிற உப்புதான் அப்படிப் படியும். சல்பேட், குளோரைடு வகையறா கொதித்தாலும் அசையாமல் அப்படியே இருக்கும். மீதி வினைக்குச் சலூனில்தான் வழி தேட வேண்டும்.

1904-இல் கிங் கேம்ப் ஜில்லெட் தன் பாதுகாப்பு ரேசருக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு உலகமெங்கும் ஆண்கள் சலூன் வாசலை மறந்து வீட்டுக் கண்ணாடி முன் நிற்க ஆரம்பித்தார்கள். ரேசர் வீட்டுக்கு வந்ததே தவிர, நுரை வரவழைக்கும் சூட்சுமம் சலூனிலேயே தங்கிவிட்டது. அதைப் பார்க்கத்தான் போய் உட்கார்ந்தேன்.

சலூன் அண்ணாச்சி போர் குழாய்ப் பக்கமே போகவில்லை. மூலையில் இருந்த தண்ணீர் கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்தார். லேசாகச் சூடாக்கி அதில் பிரஷ்ஷை ஊறப்போட்டுவிட்டு, பேப்பரில் அரசியல் பக்கத்தை முழுசாக வாசித்தார். பன்றி முடி பிரஷ்ஷாம், ஊறினால்தான் இளகுமாம். பிறகு ரெண்டு உதறு உதறி, சோப்பின்மேல் அரை நிமிஷம் சுழற்றினார். முடியிடுக்கில் கெட்டிப் பசை ஏறியது. நானாக இருந்தால் அங்கேதான் தண்ணீரை ஊற்றியிருப்பேன். அவர் விரல் நுனியை நனைத்து ஒரு சொட்டு விட்டார், சுழற்றினார். இன்னொரு சொட்டு, மறுபடி சுழற்று. பெரிய பெரிய குமிழிகள் அடங்கி, நுரை மினுமினுவென்று இறுகியது. பிரஷ்ஷைக் கவிழ்த்தார். விழவில்லை.

"தண்ணிய ஊத்தக் கூடாது தம்பி, காட்டணும்" என்றார்.

வித்தை கைக்கு வந்துவிட்டது. தண்ணீர்தான் வரவேண்டும். எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் இருப்பது அடுக்களைக் குடத்தில். அதற்குக் காவல் அம்மா. "குடிக்கத் தண்ணி இல்லாம மனுசன் அலையுதான், இவன் தாடிக்குக் கேக்கான்" என்று முதல் நாளே மனு தள்ளுபடி. மழைத் தண்ணீர் இன்னும் நல்லது, அதில் இந்த உப்பெல்லாம் கிடையாது. ஆனால் மானாவாரிச் சீமையில் ஐப்பசி வரைக்கும் தாடி பொறுக்குமா?

கடைசியில் அப்பா சிபாரிசில் ஒரு டம்ளர் அனுமதியானது, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். ஆகவே வியாழன், வெள்ளியில் என்னைத் தெருவில் பார்க்கிறவர்கள் காதல் தோல்வியோ, கோயிலுக்கு நேர்ச்சையோ என்று விசாரிக்க வேண்டாம். இந்த ஊரில் ஒருவன் தினமும் வழவழவென்று மழித்த முகத்தோடு திரிந்தால், அவனுக்கு வீட்டுக் குடத்தின்மேல் அதிகாரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவரிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசுங்கள்.